மரத்தைச் சுற்றிப் போன டேங்க்

எத்தனையோ போர்களுக்குப் போய், ஒரு குண்டுகூடச் சுடாமல், ஒரு மரத்தைக்கூடச் சாய்க்காமல், சாப்பாட்டு நேரத்துக்குத் தவறாமல் வீடு திரும்பிய ஒரே வீரர் எங்கள் தேரண்ணன்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

அண்ணன் செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. அங்கே வேர்க்கடலை என்று கேட்டால் வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நான் வெளியூர்க்காரன்தான். ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராக வந்து, மண்டிக்கு மேல்மாடியில் ஓர் அறையில் குடியிருந்தேன். பக்கத்து அறை அண்ணனுடையது. தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் இருக்கும் தமிழ்ச் சமணக் குடும்பம். அண்ணனுக்கு நாற்பது வயதிருக்கும், கல்யாணமாகவில்லை, கீழ்வீட்டில் அம்மா இருந்தார். அண்ணன் மூட்டையில் எறும்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஊதி அனுப்பிவிட்டுத்தான் தராசில் ஏற்றுவார்.

குடிவந்த புதிதில் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டையைக் கழற்றுகிறேன், பக்கத்து அறையில் டமால் டமால் என்று குண்டு வெடிக்கிறது. எட்டிப் பார்த்தேன். பனியனும் வேட்டியுமாக ஒரு பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார் அண்ணன். திரையில் வீடு அளவுக்கு ஒரு டேங்க். எதிரிகள் நாலா பக்கமும் நின்று அதை விளாசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மழைக்கு ஒதுங்கியவர் மழையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சுடறாங்க."

"சுடட்டும்."

"நீங்க திருப்பிச் சுடலையா?"

"நாம எதுக்கு வாத்தியாரே சுடணும்? அவன் யாரு பெத்த புள்ளயோ. நமக்கும் அவனுக்கும் இன்னா பகை?"

"அப்போ இதுல நீங்க என்னதான் பண்றீங்க?"

"நிக்கறேன்."

விளையாட்டு இதுதான். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் இன்டர்நெட்டில் கூடி, இரண்டு அணியாகப் பிரிந்து டேங்க் சண்டை போடுவார்கள். எலிபோல ஓடுகிற சின்ன டேங்குகள் உண்டு, ஓர் அடி விழுந்தால் கதை முடிந்தது. கனமான இரும்புத் தகடு போர்த்தியவை உண்டு, எவ்வளவு அடித்தாலும் தாங்கும், ஆனால் நகர்வதற்குள் நமக்கு வயதாகிவிடும். அண்ணன் இருப்பதிலேயே கனத்ததை எடுத்துக்கொண்டார். அதைக் கொண்டுபோய்த் தன் அணியின் சின்ன டேங்க் ஒன்றுக்கு முன்னால் நிறுத்தி, அதற்கு வருகிற அடியையெல்லாம் தான் வாங்கிக்கொள்வார். அவருடைய போர் அவ்வளவுதான்.

போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. குறுக்கே மரம் வந்தால் மற்றவர்கள் முட்டிச் சாய்த்துவிட்டுப் போவார்கள். அண்ணன் சுற்றிக்கொண்டு போவார். கேட்டால், "மரத்துல பட்சி கூடு கட்டியிருக்கும்ல" என்பார். கம்ப்யூட்டர் மரத்தில் ஏது பட்சி என்றால், "இல்லன்னு உனக்குத் தெரியுமா?" என்பார். இதனால் பாதிப் போர்களில் அவர் போய்ச் சேரும்போது இரு தரப்பும் கலைந்து போயிருக்கும். கூட ஆடிய தமிழ்ப் பையன்கள்தான் அவருக்குத் தேர் என்று பெயர் வைத்தார்கள். மண்டிக்கு மூட்டை தூக்க வருகிறவர்களிடம் நான் அதைச் சொல்லப்போக, ஒரே வாரத்தில் கடைவீதி முழுக்க அவர் தேரண்ணன் ஆகிவிட்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தேர் நிலைக்கு வராம போனதா சரித்திரம் உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

இதற்கு நடுவில் கீழேயிருந்து அம்மா குரல் வரும். "டேய், பொழுது சாயுது. வந்து சாப்ட்டுப் போ." அவர்கள் வழக்கப்படி இருட்டுவதற்குள் சாப்பாடு முடிந்தாக வேண்டும். எதிரி தலைமேல் வந்து நின்றாலும் சரி, அண்ணன் எழுந்து போய்விடுவார். டேங்க் நட்டநடுக் களத்தில் நிற்கும். அவர் ஓட்டும்போதும் ஏறக்குறைய அப்படித்தான் நிற்கும் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இந்தப் போர் பிடிக்கவே இல்லை. "சுடறதும் பாவம், சுடச் சொல்றதும் பாவம், சுடறவனப் பார்த்து சரின்னு தலையாட்டறதும் பாவம். நீ மூணாவதுல மாட்டிக்கின" என்று ஒருநாள் சாப்பாட்டில் வைத்தே பிடித்துக்கொண்டார்.

"நான் தலையாட்டலம்மா. குறுக்க நிக்கறேன்."

சாஸ்திரத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்று அம்மாவுக்கே தெரியவில்லை போலும். "ரசம் ஊத்திக்க" என்று சொல்லிவிட்டார்.

என்னை உறுத்தியது வேறு. அணியில் எத்தனையோ பேர் இருக்க, அண்ணன் ஒரே ஒரு சின்ன டேங்கை மட்டும் துரத்தித் துரத்திப் போய் அதன் முன்னால் நிற்பார். அதன் தலைக்கு மேல் ராஜகிரி என்று பெயர் ஓடும். செஞ்சிக் கோட்டை இருக்கிற மலையின் பெயர். ஒரு சாயங்காலம் கேட்டுவிட்டேன்.

"யாருண்ணே அது?"

அண்ணன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "என் தம்பி" என்றார்.

தம்பி ஜப்பானில் இன்ஜினியர். அப்பா இறந்த அன்று அவனால் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. அழுது களைத்த நிலையில் அண்ணன் போனில், "நைனா முகத்தப் பார்க்க வராதவன் இனிமே இந்த வூட்டுப் பக்கமே வராத" என்று சொல்லிவிட்டார். தம்பி ஏறவிருந்த விமானத்தில் ஏறாமலே திரும்பிப் போய்விட்டான். அதன்பிறகு அம்மாவுக்கு மட்டும்தான் போன். அண்ணனோடு ஒரு பேச்சும் இல்லை. இங்கே சாயங்காலமாகிற நேரத்தில் அவன் ராஜகிரி என்று பேர் வைத்துக்கொண்டு தமிழ்ப் பையன்களோடு ஏதோ டாங்கி ஓட்டுகிறானாம் என்று அம்மா ஒருநாள் சொல்ல, தம்பி விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரை அண்ணன் தூசி தட்டி எடுத்தார். தம்பிக்கு அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக வெகு சாமர்த்தியமாக ஒரு மாறுவேடப் பெயரும் வைத்துக்கொண்டார். பனமலை. செஞ்சிக்குப் பக்கத்து ஊர்.

"மைக் இருக்குதேண்ணே. நீங்களே பேசிடலாமே."

"என் குரலக் கேட்டு எழுந்து போயிட்டான்னா?" என்றார். "இப்போ முன்னாடி நிக்கறதுக்காச்சும் ஒரு இடம் இருக்குது. அதுவும் போச்சுன்னா நான் எங்க வாத்தியாரே போய் நிக்கறது?"

அன்று முதல் அண்ணன் டேங்க் ஓட்ட, நான் அவருக்குக் குரலானேன். தம்பி பேசுவது ஸ்பீக்கரில் கேட்கும். மைக் என் வாய்க்கு நேராக இருக்கும். அண்ணன் என் காதில் கிசுகிசுப்பார்.

"சாப்டியான்னு கேளு."

"ராஜகிரி, சாப்ட்டாச்சா?" என்றேன்.

"யோவ் தேரு, வலது பக்கம் ரெண்டு பேர் வரானுங்க. சோறாய்யா இப்போ முக்கியம்?"

"சாப்பிடல போல. குரல் ஒடுங்கி இருக்குது" என்றார் அண்ணன். "அங்க மீன் போடாத சோறு கிடைக்குதான்னு கேளு."

"ஜப்பான்ல மீன் இல்லாத சாப்பாடு கிடைக்குதா?"

"நான் ஜப்பான்ல இருக்கறேன்னு உனக்கு யாருய்யா சொன்னது?"

"குரல்லயே தெரியுது" என்றேன். வேறு என்ன சொல்ல?

இன்னொரு நாள் தம்பியே கேட்டான். "பனமலைன்னா எங்க ஊர்ப் பக்கம் ஏரிக்கரையில கோயில் இருக்குதே, அந்தப் பனமலையா?"

அண்ணன் வியர்த்துப்போய் "கேரளா, கேரளா" என்றார். நானும் கேரளா என்றேன்.

"கேரளாவா? பின்னால யாரோ மல்லாட்டை மூட்டைய எறக்குங்கடான்னு கத்தறாங்க?"

கேரளாவில் மல்லாட்டைக்கு நல்ல கிராக்கி என்று சொல்லிச் சமாளித்தேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை பொய். பள்ளியில் பையன்களுக்கு நல்லொழுக்க வகுப்பும் நான்தான் எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. அண்ணன் சாப்பிடக் கீழே போயிருந்தார். நான் சும்மா மைக்கோடு உட்கார்ந்திருந்தேன். டேங்க் களத்தில் நின்றது. "தேரு நின்னுடுச்சு, விட்டுட்டு வாடா" என்று ஒரு பையன் கத்தினான்.

"நீங்க போங்க" என்றது ராஜகிரியின் குரல். "அவரு சாப்ட்டு வரட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சாப்பிடப் போனது? நான் இங்கதான் இருக்கறேன்" என்றேன்.

"நீங்க இருப்பீங்க சார். எங்க அண்ணன் கீழ சாப்ட்டுக்கினு இருக்கும். இந்நேரம் அங்க பொழுது சாயும். அம்மா தட்டு வெச்சிருக்கும்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"மொத வாரமே தெரியும். பனமலையான்னு சும்மா சீண்டிப் பார்த்தேன். மரத்தச் சுத்திக்கினு போற டேங்க வேற யாரு சார் ஓட்டுவாங்க?"

அப்போதுதான் திரையைச் சரியாகப் பார்த்தேன். ஓர் அடிக்குத் தாங்காத அந்தச் சின்ன டேங்க், நின்றுபோன பெரிய டேங்கைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வருகிறவனையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் சாப்பிடப் போகிற ஒவ்வொரு சாயங்காலமும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறான். நான்தான் கவனிக்கவில்லை.

"அப்போ நீயே பேச வேண்டியதுதானே தம்பி?"

"வராதன்னு சொன்னது அண்ணன். வான்னும் அதுதானே சார் சொல்லணும்? நான் காத்துக்கினு இருக்கறேன். நீங்க சொல்லிடாதீங்க."

அதற்குப் பிறகு என் பாடு மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அண்ணன் தம்பியிடம் சொல்லாதே என்கிறார். தம்பி அண்ணனிடம் சொல்லாதே என்கிறான். "ஸ்வெட்டர் போடறானான்னு கேளு" என்று ஒருவர் கிசுகிசுக்க, "போட்டுக்கறேன்னு சொல்லு" என்று மற்றவன் அங்கே சாதாரணமாகச் சொல்ல, யாரிடம் சொல்லச் சொல்கிறான் என்பதைக்கூட அண்ணன் கவனிக்காமல் "போடறானாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். இரண்டு பிடிவாதக்காரர்கள் கூடிவிட்டால் நடுவில் இருப்பவனுக்குத்தான் தலைவலி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அண்ணன் முன்னால் போய் நின்றேன். தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். அண்ணன் பதறி மிளகுப் பால் கொண்டுவந்தார். சுக்கைத் தட்டிப் போட்டார். நானும் நன்றாகக் குடித்தேன். குரல் மட்டும் வரவில்லை. வரவேண்டிய அவசியம் இல்லாத குரல் எப்படி வரும்?

சண்டை ஆரம்பித்தது. அண்ணன் கையைப் பிசைந்தார். "இன்னிக்கு யாரு கேக்கறது?" என்றார். நான் மைக்கை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் என் பக்கம் திருப்பினார். நான் மறுபடியும் திருப்பினேன். அதற்குள் திரையில் சின்ன டேங்க் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பெரிய டேங்கின் பக்கத்தில் வந்து நின்றது. எதிரிகள் நெருங்கினார்கள். "ஏன்டா ரெண்டு பேரும் நிக்கறீங்க?" என்று பையன்கள் அலறினார்கள். இரண்டு டேங்கும் அசையவில்லை.

அண்ணன் மைக் அருகில் குனிந்தார். உதடு இரண்டு முறை அசைந்து அடங்கியது. அப்புறம் மெதுவாக வந்தது.

"சாப்டியா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போய்விட்டான் என்றுதான் அண்ணன் நினைத்திருப்பார், முகம் அப்படி ஆகிவிட்டது. பிறகு ஸ்பீக்கரில் ஒரு மூக்குறிஞ்சும் சத்தம்.

"சாப்டேண்ணே. நீ?"

"இன்னும் இல்ல" என்றார் அண்ணன். "அன்னிக்கு நான் சொன்னது..."

"விடுண்ணே. இடது பக்கம் ஒருத்தன் வரான், திருப்பு."

"வூட்டுக்கு வாடா."

"வரேண்ணே. மொதல்ல திருப்பு."

அவர் திருப்புவதற்குள் இரண்டு டேங்கும் எரிந்து சாம்பலாகிவிட்டன. அவ்வளவு கேவலமான தோல்வியை அந்த அணி அதற்கு முன்னால் கண்டதில்லை. நான் எழுந்து என் அறைக்கு வந்துவிட்டேன். சுவர் வழியாக இருவரும் பேசுவது வெகுநேரம் கேட்டது. அன்று அம்மா கூப்பிட்டதை அண்ணன் கவனிக்கவே இல்லை, பொழுது சாய்ந்துவிட்டது, அதனால் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். பட்டினி கிடந்த முகமாக மறுநாள் காலையில் தெரியவில்லை.

குரல் கொடுக்கிற வேலை எனக்கு அதோடு போயிற்று. அடுத்த கோடையில் வேறு ஊரில் வேலை கிடைத்து செஞ்சியை விட்டு வந்துவிட்டேன். தம்பி வந்தபோது நான் அங்கே இல்லை. அண்ணன் போனில் சொன்னார். வந்தவன் கூடத்தில் நைனா படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தானாம். அப்புறம் மண்டியில் இறங்கி மூட்டை தூக்கினானாம்.

"இன்னும் டேங்க் ஓட்டறீங்களாண்ணே?"

"எதுக்கு வாத்தியாரே? இப்போதான் தினம் போன்ல பேசறானே. கம்ப்யூட்டர மூடி வெச்சுட்டேன்."

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. இருந்தால் எப்படியிருக்கும் என்று அதுவரை யோசித்ததும் கிடையாது. இப்போது சில சாயங்காலங்களில் அந்த விளையாட்டுக்குள் நானும் போகிறேன். ஓட்டமான சின்ன டேங்க்தான் எடுப்பேன். முதல் அடியிலேயே போய்விடுகிறேன். கூட ஆடுகிறவர்கள் நல்லவர்கள்தான், நன்றாகச் சுடுகிறார்கள். அண்ணே, நீங்கள் சுட வேண்டாம், வேகமாக வரவும் வேண்டாம். ஒரே ஒரு சாயங்காலம் வந்து எனக்கு முன்னாலும் கொஞ்சம் நில்லுங்கள்.