பேரீச்சம்பழக் கரையும் எங்கள் கலீபாவும்

முசரவாக்கத்தில் பிறந்து, காஞ்சிபுரத்தில் சம்பளம் வாங்கி, பாக்தாத்தில் குடித்தனம் நடத்தியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கலீபா.

பாக்தாத்தை ஆண்டவர்களின் அந்தப் பட்டத்தை அவருக்குச் சூட்டியது ஊர். பெற்றோர் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் அவர் மனைவியே ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "கலீபா இருக்காருங்களா?" என்றுதான் கேட்டார்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம். பெயர் எதற்கு, வம்பு! அறுபதுகளின் கடைசியில் நான் அங்கே விற்பனைப் பிரிவில் தற்காலிக ஊழியன். கலீபா ஸ்டோர் கீப்பர். நெசவாளர்களுக்குப் பட்டு நூலும் சரிகையும் நிறுத்துக் கொடுப்பது அவர் வேலை. வெறும் நூலைக் கொடுத்து அனுப்பிவிட மாட்டார் மனுஷன். பாவு நூலுக்கு ஒரு கதை, ஊடை நூலுக்கு ஒரு கதை என்று அரபு தேசத்துச் சரித்திரத்தையும் சேர்த்து நிறுத்துப் போடுவார். அவசரக்காரர்கள் அவர் வெற்றிலை போட்டு வாய் நிறைந்திருக்கும் நேரம் பார்த்து வருவார்கள்.

"ஏம்பா, பல்லவன் ஆண்ட ஊர்ல குந்திக்கினு எப்பப் பாரு பாக்தாத்தையே பேசறியே, பல்லவனைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

"பல்லவன் எங்கப்பா போயிடுவான்? தெருக்கோடியில கோயில் கட்டி வச்சிட்டுத்தானே போயிருக்கான்! பாக்தாத்தைத்தான் பாவிங்க எரிச்சுப்புட்டானுங்க!"

அதைச் சொல்லும்போது நிஜமாகவே அவருக்குக் கண் கலங்கும். சாயப்பட்டறைத் தண்ணீர் சாக்கடையில் கறுப்பாக ஓடினால் போதும், சைக்கிளை நிறுத்திவிடுவார். "இப்பிடித்தான்பா டைக்ரிஸ் ஆறு ஓடிச்சாம். மங்கோலியன் வந்து பொஸ்தகத்தையெல்லாம் ஆத்துல கொட்ட, மை கரைஞ்சு ஆறே கறுத்துப்போச்சாம்." பின்னால் வருகிற மாட்டுவண்டிக்காரன் கத்துவது காதில் விழாது. எழுநூறு வருஷத்துக்கு முந்திய இழவுக்கு அவர் இன்னும் துக்கம் காத்துக்கொண்டிருந்தார்.

அறுபத்தேழாம் வருஷத்து அரபு யுத்தத்தில் சூயஸ் கால்வாய் மூடிய பிறகு அவர் தொல்லை தாங்க முடியாமல் போயிற்று. எதற்கெடுத்தாலும் சூயஸ்தான்.

"சரிகை ஏன் இன்னும் வரல?" என்று கேட்டால், "சூயஸ் மூடிக் கெடக்குதே, பேப்பர் படிக்கிறதில்லையா?" என்பார்.

"சரிகை சூரத்துல இருந்து ரயில்லதானேப்பா வருது?"

"ரயில்லதான் வருது. சூயஸ் தொறந்து இருந்தா அந்த ரயிலே இன்னும் சீக்கிரம் வரும்!"

அதன்பிறகு சரிகை தாமதமானால் நாங்களும் சூயஸையே திட்டினோம்.

ஒருமுறை தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் அவரைச் சீண்டினார். "அரபுக்காரனுக்கும் நமக்கும் என்னாய்யா சம்பந்தம்?" கலீபா தராசைக் கீழே வைத்தார். "வசூல், பாக்கி, அசல், நகல், வக்கீல், ஜாமீன், ஜில்லா... எல்லாம் அரபு தேசத்துல கௌம்பி, ஆற்காட்டு நவாபு காலத்துல இங்க வந்து எறங்கின சொல்லு. 'குட்றா என் சொல்ல'ன்னு நாளைக்கு அவன் வந்து நின்னா, உன் ஆபீஸைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போவ வேண்டியதுதான். தாலுகாங்கறதே அவனுதுதான்!" குமாஸ்தா அதன்பின் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இத்தனை தெரிந்தவருக்கு அரபி படிக்கத் தெரியாமல் இருக்குமா? அத்தர் பாட்டில், தாயத்து, துபாய் சோப்பு, வளைந்து நெளிந்த எழுத்து எதில் இருந்தாலும் ஊர் அவரிடம்தான் கொண்டுவரும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உதட்டைக் குவித்து, ஏதாவது சொல்வார். சொன்ன பிறகு அவர் நடக்கும் நடையைப் பார்க்க வேண்டுமே! அவருக்கிருந்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான்.

இந்தச் சமயத்தில்தான் வாணியம்பாடியிலிருந்து ஒரு தோல் வியாபாரி வந்தார். சாகிப் என்றே அழைப்போம். மகள் நிக்காஹுக்குப் பட்டுச் சேலைகள் வேண்டும், பிடித்தால் குடும்பம் முழுவதற்கும் எங்களிடமே எடுப்பதாகச் சொன்னார். நான் பிடித்து வந்த ஆர்டர் அது. சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். "இது ஒழுங்கா முடிஞ்சா உன் வேலை நிரந்தரம். சொதப்பினே, ஒண்ணாந்தேதியில இருந்து வராதே." வீட்டில் வயசுக்கு வந்த தங்கையும் வேலையில்லாத அப்பாவும் என் சம்பளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாகிப் போட்ட ஒரே நிபந்தனை, சேலையில் உயிருள்ள உருவம் எதுவும் கூடாது என்பது. அவர்கள் வழக்கம் அது. மணப்பெண்ணின் சேலையை நெய்யப் போகிறவரோ யாளி ஆறுமுகம். யாளிக் கரை போடுவதில் அவரை அடிக்க ஆளில்லை.

"மயிலு வாணாம், யாளி வாணாம், அன்னம் வாணாம்னா கரையில என்னாத்தப் போடறது? உன் மூஞ்சியையா?" என்று என்மேல் பாய்ந்தார்.

"மூஞ்சியும் கூடாதுப்பா."

முறைத்துக்கொண்டே போனார். சேலையோடு திரும்பி வந்தது, சாகிப் வரப்போகும் அன்று காலையில்தான். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் பிரித்தோம். அப்பப்பா! மாம்பழ நிறத்தில் உடல், அரக்குக் கரை, கரை நெடுகச் சரிகையில் கொடி கொடியாக ஏதோ ஓடியது. செயலாளர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"இது எழுத்து மாதிரி இல்ல இருக்குது?"

"எழுத்தேதாங்க!" என்று ஆறுமுகம் மீசையைத் தடவினார். "பேரீச்சம்பழ டப்பாவுல இருந்துச்சு. என்னா நெளிவு, என்னா சுழிப்பு! அவங்க பாஷையிலயே அவங்களுக்கு ஒரு மரியாதை."

"அடப்பாவி, கரை காலடியில இல்ல வரும்! அது சாமி பேரா இருந்துட்டா?"

ஆறுமுகத்தின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. "கூப்பிடுறா கலீபாவை" என்றார் செயலாளர்.

வந்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. உதடு குவிந்தது.

"நல்ல வார்த்தைன்னு நீ ஒரு சொல்லு சொன்னா, சேலையை அப்பிடியே சாகிப் கையில குடுத்துடறேன். சொல்லுய்யா" என்றார் செயலாளர்.

கலீபா சேலையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு அரபி தெரியாதுங்க."

"வெளையாடாதய்யா!"

"சத்தியமா ஒரு எழுத்துகூடத் தெரியாதுங்க. சரித்திரமெல்லாம் லைப்ரரியில தமிழ்ல படிச்சது. மத்ததெல்லாம் குத்துமதிப்பாச் சொல்லிக்கினு இருந்தேன்."

"அப்ப என் பொண்ணு தாயத்து?" என்று ஆறுமுகம் அலறினார். "காத்து கருப்பு அண்டாதுன்னு எழுதியிருக்குதுன்னியே!"

"நல்லதாத்தானேப்பா சொன்னேன்!"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அதற்குள் வாசலில் சாகிப்பின் கார் வந்து நின்றது. செயலாளர் சேலையை மறைக்கப் பார்த்தார். கலீபா அதை மடித்து இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நேரே சாகிப்பிடம் போனார்.

"ஐயா, எங்காளு அழகா இருக்குதேன்னு உங்க எழுத்தைக் கரையில போட்டுட்டாரு. அது என்னா எழுத்துன்னு எங்க யாருக்கும் தெரியாது. தப்பா இருந்தா நீங்களே சொல்லிடுங்க. இந்தப் பையனுக்கு இதுல எந்தச் சம்பந்தமும் இல்ல."

சாகிப் கரையைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு படித்தார். உதடு அசைந்தது. முகம் சிவந்தது. தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"'பஸ்ரா பேரீச்சம்பழம். முதல் தரம். ஈரம் படாமல் வைக்கவும்.' அடடா, ஆறு கஜத்துக்கும் இதேதான்!"

எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின் அவர் கரையை மெல்லத் தடவினார். "ஆனா குர்ஆன் ஓதுற எழுத்து இது. காலடியில படக் கூடாது. பொண்ணு கட்ட முடியாது" என்றார். என் வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"நிக்காஹ்ல பேரீச்சம்பழம் குடுக்கறது எங்க வழக்கம். அந்தத் தாம்பாளத்து மேல இதைப் போர்த்திடறேன். பொண்ணுக்கு வேற ஒண்ணு நெய்யுங்க. கரையில கோடு போடுங்க, போதும்." பிறகு கலீபாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஏதாவது கதை சொல்லி மழுப்பியிருந்தா ஆர்டரையே ரத்து பண்ணிட்டுப் போயிருப்பேன். தெரியாம செஞ்சதுக்கு என்ன கோபம்?"

ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. அந்த மாதமே என் வேலை நிரந்தரமாயிற்று.

கலீபாவின் மானம்தான் கப்பலேறியது. தீப்பெட்டி, பீடிக்கட்டு, கிழிந்த காலண்டர் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து, "படி கலீபா, படி!" என்று நீட்டினார்கள். அவரும் கூடவே சிரித்தார். ஆனால் நெசவாளர்களுக்கு வெறும் நூலை மட்டும் நிறுத்துக் கொடுத்து அனுப்பினார். அந்த ஸ்டோர் ரூமுக்குள் போகவே எனக்கு என்னவோ போலிருந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அண்ணே, நல்ல வார்த்தைன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா உங்க பேரு நின்னிருக்குமே?"

"நின்னிருக்கும்பா. சாகிப் படிச்சுப் பாத்திருந்தாலும், 'அது வேற ஊரு அரபி'ன்னு சமாளிச்சிருப்பேன். நீ என்னாத்தச் சொல்லிச் சமாளிப்பே? உன் வீட்டுல சோத்துக்கு என்னா வழி?" என்று சொல்லிவிட்டு, தராசில் நூலை வைத்தார்.

அவரிடமிருந்து எத்தனையோ ராஜாக்கள் பெயரைக் கேட்டேன். ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. "தெரியாது" என்று அவர் சொன்ன ஒரே ஒரு வார்த்தையில்தான் என் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. என் பிள்ளைகள் படித்தார்கள். இன்றும் என் வீட்டில் உலை கொதிக்கிறது.