ஜிம்மிக்குப் பாடம் எடுத்த டீச்சர்

முல்லைத்தீவுக் கரையில் டீச்சரைப் போலப் பாடம் எடுத்தவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. டீச்சருக்கு வயது ஒன்பது. மாணவன் ஒரே ஒருவன். அவனுக்கு ஒரு வாலும் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் இடம்பெயர்ந்து போய் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உண்மையாகப் படிப்பித்துக்கொண்டிருந்தவன் நான். ஆனால் ஊரில் டீச்சர் என்றால் பக்கத்து வீட்டு அந்தப் பிள்ளையைத்தான் சொல்வார்கள்.

அவளுடைய நாய் ஜிம்மி எதைக் கண்டாலும் கவ்வும், கவ்வினால் விடாது. பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் தங்கத்தைவிட அருமையாக இருந்த காலத்தில் என் சவர்க்காரத்தைக் கவ்விக்கொண்டு ஓடியது. அதை மன்னித்தேன். ஆனால் அது சம்மாட்டியாரின் கருவாட்டுப் பாயிலும் வாய் வைத்துவிட்டது. கரையில் வரிசையாக நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலை அவருடையது. டீச்சரின் அப்பா உட்பட ஊரில் பாதிப் பேர் அவருடைய வலையில்தான் இழுத்தார்கள்.

"அந்தோனியார் கோயில் கொடியேற்றம் மட்டும் பாப்பன். அதுக்குள்ள திருந்தாட்டில் வள்ளத்தில ஏத்திக்கொண்டுபோய் களப்புத் தண்ணிக்கு அங்கால விட்டிடுவன்" என்றார் சம்மாட்டியார். டீச்சர் அன்றே பாடத்தைத் தொடங்கிவிட்டாள்.

செய்து காட்டாமல் எதையும் படிப்பிக்கக் கூடாது என்பது அவள் கொள்கை. கருவாட்டுப் பாய்க்கு முன்னால் நாலு காலில் நின்று, மூக்கை அருகே கொண்டுபோய், தின்னாமல் திரும்பிக் காட்டினாள். ஜிம்மி அதைக் கவனமாகப் பார்த்துவிட்டு ஒரு கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போனது.

"எழும்பு பிள்ளை, சனம் பாக்குது" என்றார் அப்பா.

"படிப்பிக்கேக்க குறுக்க கதைக்காதேங்கோ அப்பா."

சொன்னதைச் செய்தால் தின்ன ஏதாவது கொடு என்று நானும் யோசனை சொல்லிப் பார்த்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சேர், நீங்கள் எங்களுக்குப் படிப்பிக்கேக்க தின்னவோ தாறனீங்கள்?"

பிறகு வகுப்பைக் கடற்கரைக்கு மாற்றினாள். அங்கே சம்மாட்டியார் "இழு" என்றால் அத்தனை பேரும் இழுப்பார்கள், "விடு" என்றால் விடுவார்கள். "அவற்ர குரலிலதான் விசயம் இருக்கு" என்று கண்டுபிடித்து, வரிசையின் கடைசியில் ஜிம்மியின் வாயில் ஒரு பழைய கயிற்றுத் துண்டைக் கொடுத்து நிறுத்தினாள். நம்பமாட்டீர்கள், சில கிழமைகளில் நாய் பழகிவிட்டது. சம்மாட்டியாரின் குரலுக்கு இழுத்தது, விட்டது. டீச்சரின் குரலுக்கு மட்டும் காதை அசைத்ததோடு சரி. அவளும் சம்மாட்டியாரின் சுருட்டைப் போல வாயில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, தொண்டையைக் கரகரப்பாக்கிப் பார்த்தாள். பலிக்கவில்லை.

அந்தோனியார் கோயில் கொடியேற்ற நாள் வந்தது. கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பரும் சம்மாட்டியார்தான். புது வேட்டி கட்டிக்கொண்டு கொடிமரத்தடியில் நின்றார். கயிற்றைப் பிடித்தவர்கள் அவருடைய வலை ஆட்களே. பாதி தூரம் ஏறிய கொடி கப்பியில் இறுகிவிட்டது.

"இழு" என்றார்.

ஆட்கள் கயிற்றை இழுத்தார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து பாய்ந்து வந்த ஜிம்மி வேட்டியை இழுத்தது.

"விடு" என்று சொன்னால் நாய் விட்டுவிடும், ஆட்களும் விட்டுவிடுவார்கள். பாதியில் கொடி விழுந்தால் ஊருக்கே ஆகாது. சொல்லாவிட்டால் வேட்டி போய்விடும். பூசை வைக்க வந்த சுவாமியார் ஜெபத்தை நிறுத்திவிட்டார். நாளைக்கு வள்ளம்தான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சம்மாட்டியார் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். நாயின் காதுக்குள், ஒருவருக்கும் கேட்காதபடி, "விடு ராசா" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

ஜிம்மி உடனே விட்டது. கொடியும் ஏறியது.

"ஆர் இதைப் பழக்கினது?"

"நான்தான்" என்றாள் டீச்சர், அழுகையை அடக்கிக்கொண்டு.

சம்மாட்டியார் தன் ஆட்களை ஒரு பார்வை பார்த்தார். "இவங்களும் இருக்கிறாங்கள், தொண்டை கிழியக் கத்தினாத்தான் விடுறாங்கள். நாய் இஞ்சயே நிக்கட்டும் பிள்ளை. நாளைக்கும் வலைக்குக் கூட்டிக்கொண்டு வா."

டீச்சர் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். நான் சைவக்காரன். இருந்தாலும் அன்று அந்தோனியாரிடம் ஒன்று கேட்டேன்: எனக்கு ஒரு மகள் பிறந்தால் அவள் இந்தப் பிள்ளையைப் போலப் பிறக்க வேண்டும்.