டீச்சர் வாயில் விழுந்த கூரை

பல் டாக்டரிடம் போகிறவர்கள் டாக்டரின் முகத்தைப் பார்ப்பதில்லை. நாற்காலியைச் சாய்த்து வாயைத் திறக்கச் சொன்ன பிறகு, அவர்கள் கண்ணுக்குத் தெரிவது கூரை மட்டும்தான். இந்தச் சாதாரண விஷயம் சென்னைக்குப் போய் உள் அலங்காரம் படித்துவிட்டு வந்த என் கொழுந்தன் ராஜ்மோகனுக்குத் தெரியவில்லை. சரி, அவன் மடையன். பல் மருத்துவமே படித்த எனக்கும் தெரியவில்லை என்பதை நினைத்தால் இத்தனை வருடம் கழித்தும் காது சூடாகிறது. வெட்கத்தில் சூடாகிறது என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கோபத்தில்.

பாம்பன் பாலத்தில் மீட்டர்கேஜ் சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம். முண்டு மிளகாய் விளைகிற கரிசல் காட்டுக் குடும்பத்துக்கு நான் மருமகளாகப் போயிருந்தேன். மருமகள் ராமநாதபுரத்தில் கிளினிக் வைக்கப் போகிறாள் என்பதில் மாமனாருக்குப் பாதி பெருமை, பாதி எரிச்சல்.

“இந்த வருசம் நடத்திப் பாரு தாயி. ஓடுனா ஓடட்டும். ஓடலேன்னா மனசுல ஒண்ணும் வச்சுக்காம வீட்டப் பாத்துக்கிட்டு இரு” என்று சொல்லியிருந்தார்.

வெள்ளை டைல்ஸ், பச்சைத் திரை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. என் கனவு அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்துத்தான் ராஜ்மோகன் தாடியும் சணல் பையுமாக ஊருக்கு வந்து சேர்ந்தான்.

“அண்ணி, டைல்ஸா? செத்த பொருள் அண்ணி அது. பல்வலியோட வாரவனுக்கு இது ஆஸ்பத்திரின்னே தெரியக் கூடாது. காட்டுக்குள்ள வந்து உக்காந்த மாதிரி இருக்கணும்.”

“காட்டுக்குள்ள எதுக்கு தம்பி பல் பிடுங்கணும்?”

“டவுனுல இருக்க மத்த டாக்டர் மாதிரியா அண்ணி நீங்க?”

அந்த ஒரு கேள்வியில் விழுந்தேன். (புகழ்ச்சி என்றால் நான் அப்போது நெய்ச்சோறு கண்ட பூனை. பூனையைப் பற்றிப் பிறகு வருகிறேன்.) அவன் கொண்டுவந்த பளபளப்பான பத்திரிகைப் படங்களைப் பார்த்து, என் கிளினிக்கும் இப்படி வரும் என்று நினைத்தேன். சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, கருவிகள் வாங்க மதுரைக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவ்வளவு அழகு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூங்கிலைப் பிளந்து குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அதன்மேல் பனையோலைப் பாய் விரித்துப் பொய்க்கூரை போட்டிருந்தான். ஆணி கிடையாது. இரும்பு கூடாதாம், எல்லாம் பனைநார்க் கட்டு. வரவேற்பு மேஜை, தொண்டிப் பக்கம் உடைத்துப்போட்ட பழைய மீன்பிடி வள்ளத்தின் பலகை. காத்திருக்கிறவர்கள் உட்கார நீளத் திண்டு. அதற்குள்ளே பஞ்சுக்குப் பதிலாக, திருப்பாலைக்குடிக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கடல்புல்லை வெயிலில் காயவைத்து அடைத்திருந்தான்.

“மூங்கிலுக்கு மருந்து அடிச்சியா தம்பி?” என்று கேட்டேன். விவசாயி மகள் நான். எங்கள் ஊரில் மூங்கில் வெட்டினால் மாதக்கணக்கில் ஊரணியில் ஊறப்போட்டுத்தான் கூரைக்கு எடுப்பார்கள். அதைக்கூடக் கேட்காமல் இருப்பேனா?

“ரசாயனமா? சும்மா இருங்க அண்ணி.”

“ஊறவாச்சும் போட்டியா?”

“எதுக்கு? இயற்கை கொடுத்தத இயற்கையா விட்டாத்தான் அது சுவாசிக்கும்.”

‘சுவாசிக்கும்’ என்ற அந்த வார்த்தைக்கு முன்னால் என் ஊர், என் அப்பன், ஊரணி, எல்லாவற்றையும் மறந்து தலையாட்டினேன் பாருங்கள், அந்தத் தலையை இன்றைக்கு நினைத்தாலும் ஓங்கி ஒரு குட்டு வைக்க வேண்டும் போல இருக்கிறது.

திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துப் பாராட்டினார்கள். ராஜ்மோகன் ஒரு நண்பனை வரவழைத்து விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டான். மாமனார் மேஜையைத் தடவிப் பார்த்துவிட்டு விரலை மோந்தார். துண்டில் துடைத்துக்கொண்டார்.

பிறகு ஐப்பசி மழை பிடித்தது.

முதலில் சுவாசித்தது மேஜை. வள்ளத்துப் பலகை நீர் ஏறாமல் இருக்க வருடக்கணக்காக மீன் எண்ணெய் பூசுவார்கள். அந்த எண்ணெயெல்லாம் ஈரக்காற்றில் மெல்லக் கசிந்து மேலே வந்தது. அன்று சாயங்காலமே தெருவிலுள்ள பூனைகளுக்குச் செய்தி போய்விட்டது. நோயாளிகளை விடப் பூனைகள் நேரம் தவறாமல் வந்தன. எனக்கு உதவிக்கு இருந்த ஆயிஷா ஒரு கையில் டோக்கனும் இன்னொரு கையில் விளக்குமாறுமாக உட்கார்ந்திருப்பாள். விரட்டினால் அவை வாசல் வழியாகப் போகாது. சுவரேறி, பொய்க்கூரைக்கும் நிஜக் கூரைக்கும் நடுவில் இருந்த இடைவெளிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அடுத்துச் சுவாசித்தது திண்டு. கடல்புல்லை நல்ல தண்ணீரில் அலசாமல் அப்படியே அடைத்திருந்ததால் அதில் இருந்த உப்பு மழைக்காற்றின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொண்டது. பார்க்கும்போது தெரியாது. உட்கார்ந்து எழுந்தால்தான் தெரியும். பாம்பனிலிருந்து வந்த ஒரு பெரியவர் எழுந்து, தன் வேட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “வயசாயிருச்சுத்தா” என்று என்னிடம் கண்கலங்கச் சொல்லிவிட்டுப் போனார். நான் ஓடிப்போய் உண்மையைச் சொல்வதற்குள் பஸ் ஏறிவிட்டார். அந்த மனிதர் என்னென்ன டாக்டர்களைப் பார்த்தாரோ!

“தம்பி, எல்லாத்தையும் பிரிச்சு எடுத்துரு” என்றேன்.

“அவசரப்படாதீங்க அண்ணி. பொருள் இந்த இடத்தோட பழகிக்கிட்டு இருக்கு” என்றான்.

மாமனார் பக்கத்தில் இருந்தார். பிள்ளையை அவர் முன்னால் திட்ட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டேன். (பல்லைக் கடிக்காதீர்கள், தேய்ந்துவிடும் என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவள் நான்.)

இந்த நிலைமையில்தான் ரத்தினம் டீச்சர் வந்தார். பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை. எனக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். கஞ்சி போட்ட வெளிர்நிறச் சேலையில் ஒரு மடிப்புக்கூட அவர் அனுமதியில்லாமல் விழாது. அவருக்குச் சிகிச்சை பிடித்திருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மொத்தத்தையும் பல் பரிசோதனைக்கு என்னிடம் அனுப்புவதாகப் பேச்சு. அது நடந்தால் மாமனார் சொன்ன ‘வீட்டப் பாத்துக்கிட்டு இரு’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் மாமனாரும் அன்றைக்குப் புதுத் துண்டு போட்டுக்கொண்டு வந்து வாசலருகே உட்கார்ந்திருந்தார். ராஜ்மோகனும், தன் கைவேலையை டீச்சருக்கு விளக்க வந்திருந்தான்.

டீச்சரைத் திண்டில் உட்காரவிடாமல் நேரே உள்ளே அழைத்துப் போனேன். ஒரு கண்டம் தாண்டியாயிற்று.

“நல்லா இருக்கு கலா. குளுமையா இருக்கு” என்றார் அண்ணாந்து பார்த்து. கதவருகே நின்ற ராஜ்மோகனின் நெஞ்சு விரிந்தது.

கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. மரத்துப்போக ஊசி போட்டேன். உதடும் நாக்கும் பாதி மரத்த பிறகு டிரில்லை எடுத்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பார்த்தால் டீச்சரின் நாக்கின்மேல் வெளிர்மஞ்சளாகப் பொடி.

பல்லைக் குடையும்போது தூள் வருவது வழக்கம்தான். உறிஞ்சி எடுத்தேன். மறுபடியும் பொடி. மறுபடியும் உறிஞ்சினேன். இன்னும் அதிகமாகப் பொடி. இவ்வளவு பல்லையா அரைத்துவிட்டேன்? தலைமையாசிரியையின் பாதித் தாடையைக் காணாமல் ஆக்கிவிட்டேனா? டிரில்லை நிறுத்தினேன். டிரில் நின்ற பிறகும் பொடி விழுந்துகொண்டே இருந்தது. அப்போதாவது நான் மேலே பார்த்திருக்க வேண்டும். பார்த்தேனா? படித்தவளாயிற்றே! வாய்க்குள்ளேயே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சரோ கண்ணை உருட்டி மேலே காட்டினார். “ஃபூ... ஃபூ...” என்றார்.

“துப்பணுமா டீச்சர்? இதோ ஒரு நிமிஷம், ஆட்டாம இருங்க.”

“ஃபூழை!” என்று கையைத் தூக்கினார்.

“அவ்வளவுதான் டீச்சர், முடியப் போகுது” என்று அந்தக் கையை மெதுவாக அமுக்கி வைத்து, நல்ல டாக்டராகப் புன்னகைத்தேன். விரலை உள்ளே விட்டுப் பல் மிச்சம் இருக்கிறதா என்று தடவினேன்.

மேலே மூங்கில் முனகியது. ஊறாத, மருந்து காணாத அந்த மூங்கிலை வண்டு உள்ளே இருந்து மாவாக்கியிருந்தது. அதன்மேல் நடமாடிக்கொண்டிருந்தது தெருவிலேயே கொழுத்த ஒரு சாம்பல் பூனை. ஒரு கட்டு அவிழ்ந்தது. ஓலைப்பாய் மடங்கியது. மாவும் பாயும் பூனையும் ஒன்றாக இறங்கின.

பூனை டீச்சரின் மடியில் விழுந்தது. டீச்சர் அதிர்ச்சியில் படக்கென்று வாயை மூடினார். உள்ளே என் விரல் இருந்தது.

கத்தியது டீச்சரா, பூனையா, நானா என்று பிறகு பெரிய விவாதமே நடந்தது. மூன்று பேரும்தான். பூனை கஞ்சி போட்ட சேலையில் நகத்தை ஊன்றி எம்பி, ஜன்னல் வழியாகப் போயிற்று. ஆயிஷா “யா அல்லாஹ்!” என்று விளக்குமாறோடு ஓடிவந்து, யாரை அடிப்பது என்று தெரியாமல் நின்றாள். டீச்சர் எழுந்து நின்றார். தலையிலிருந்து கால்வரை மஞ்சள் மாவு. மரத்த உதட்டோடு என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் திட்டியதெல்லாம் புரிந்தது, இது புரியாததால் இன்னும் பயமாக இருந்தது.

அப்போது ராஜ்மோகன் வாயைத் திறந்தான்.

“டீச்சர், பதறாதீங்க. இதுவும் இயற்கையோட ஒரு சுழற்சிதான்...”

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. ரத்தம் சொட்டும் விரலில் பஞ்சைச் சுற்றினேன். ஆயிஷாவின் விளக்குமாற்றைப் பிடுங்கினேன். நாற்காலியின்மேல் ஏறி, மிச்சமிருந்த கூரையை அடிப்பக்கத்தால் குத்திக் குத்திக் கீழே தள்ளினேன். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு வசவு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சேர்த்து வைத்த வசவெல்லாம் வந்தது. மாமனார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே நினைவில் இல்லை.

“சுவாசிக்குதாம்ல சுவாசிக்குது! ஊறப்போட சோம்பல் பட்டுக்கிட்டு அதுக்கு இயற்கைன்னு பேரு வைக்கிறியாடா? புல்ல ஒரு வாளித் தண்ணியில அலசுனா ஒன் கை தேஞ்சிருமா? எங்க ஊருல பனங்கட்டை போட்ட மாட்டுக்கொட்டாய் எங்க அய்யா பிறக்குறதுக்கு முன்னாடி கட்டுனது, இன்னைக்கும் நிக்கிதுடா! பாடுபட்டுப் பக்குவம் பண்ணிக் கட்டுனாங்கடா! நீ கட்டுனது பூனைக்குத் தொட்டில்!”

கை ஓய்ந்து நிமிர்ந்தேன். மாமனார் எழுந்து வந்தார். முடிந்தது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் மேலே பார்த்தார். மகனைப் பார்த்தார்.

“ஏலே, இங்கன வா. அந்தக் கூடைய எடுத்து இதெல்லாத்தையும் அள்ளு. அள்ளி முடிக்கிற வரைக்கும் வாயத் தொறந்த, அங்கன இருக்க பல்லுப் புடுங்குற சேருல ஒன்னய உக்காரவச்சுருவேன்” என்றார்.

டீச்சரின் பல்லில் தற்காலிகமாக அடைத்து அனுப்பினேன். மருந்தடைத்த பல்லை அப்படியே விட முடியாது என்பதால், அவர் திரும்பி வந்துதான் ஆக வேண்டும். வந்தார். மழை இல்லாத நாளில் பெரிய கறுப்புக் குடையோடு வந்தார். நாற்காலியில் சாய்ந்ததும் குடையை விரித்து ஆயிஷாவிடம் கொடுத்தார்.

“பிடிச்சுக்க. இப்பப் பல்லப் பாக்கட்டும் அவ.”

நான் குடைக்குக் கீழே குனிந்துதான் அந்தப் பல்லை முடித்தேன். கடைசியாக வாய் கொப்பளித்துவிட்டு, “பிள்ளைகள அனுப்புறேன் கலா. மொதல்ல மேல வெள்ளையடி” என்றார்.

கிளினிக் ஓடியது. இன்றும் ஓடுகிறது. ஆனால் என் கோபம் ஆறாததற்குக் காரணம் வேறு. கொஞ்ச நாள் கழித்து ஒரு பளபளப்புப் பத்திரிகையில் என் கிளினிக்கின் படம் வந்தது, திறப்பு விழா அன்று எடுத்தது. ‘மண்ணோடு மூச்சுவிடும் மருத்துவமனை’ என்று தலைப்பு. மூங்கிலும் ஓலையும் வள்ளத்துப் பலகையும் அப்படி மின்னின. அதைப் பார்த்து ராமேஸ்வரத்தில் ஒரு விடுதிக்காரர் ராஜ்மோகனைக் கூப்பிட்டார், பிறகு இன்னொருவர். இன்று அவன் பெரிய ஆள். ஊறப்போட்ட மூங்கிலைத்தான் வாங்குகிறான் என்று கேள்வி. யாரிடம் கற்றுக்கொண்டான் என்று எந்த மேடையிலும் அவன் சொன்னதில்லை.

எங்கள் குடும்பத்தில் யாருக்காவது பல் வலித்தால் போதும். “கலாகிட்டயா போற? குடை எடுத்துக்கிட்டியா?” என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருக்க மாட்டார்கள். கல்யாண வீடாக இருந்தால் பந்தியே சிரிக்கும். நான் சிரித்ததில்லை.

போன மாதம் ராஜ்மோகனுக்கே கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் சாய்ந்தான். வாயைத் திறந்து, அண்ணாந்து ஒரு சுற்றுப் பார்த்தான்.

“இந்த சிமெண்டு ரொம்ப டல்லா இருக்கு அண்ணி. நான் வேணும்னா மேல கொஞ்சம் மூங்கில்ல...”

மரத்துப்போகும் ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, டிரில்லைக் கையில் எடுத்தேன்.