தரையில் கட்டிய கோட்டை

போச்சம்பள்ளி,
புதன்கிழமை

புனே பட்டணத்தில் கம்பெனி செலவில் ட்ரெயினிங் எடுத்துவரும் என் அக்காள் மகன் சிரஞ்சீவி விஜயகுமாருக்கு, தாய்மாமன் நாராயணப்பன் வலது கையால் ஆசீர்வதித்து, இடது கையால் கொசுவை ஓட்டிக்கொண்டு எழுதுவது. இங்கே மாடு சுகம், மோட்டார் சுகம், உன் அம்மா சரோஜம்மாளும் உடம்பளவில் சுகம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு மட்டும் பேச்சில்லை. சோறு போடுகிறாள், தட்டை வைக்கிற சத்தத்தில் மிச்சத்தை நான் புரிந்துகொள்கிறேன். ட்ரெயினிங் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று நீ சொன்னதால் கைப்பட எழுதுகிறேன். சேதி நல்லதில்லை, உட்கார்ந்து படி.

நீ விரும்பின சத்யப்ரியாவை நாங்கள் நேரில் பார்த்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி என்றுதான் இருந்தோம். அவள் அப்பா செல்வமும் கறாராகச் சொல்லியிருந்தார், இந்த ஞாயிறு நம் பக்கத்து ஆள் வந்து முகம் காட்டாவிட்டால் தன் அக்காள் மகனுக்கே பெண்ணைக் கொடுத்துவிடுவதாக. கோயிலில் பார்க்கலாமென்றால் உங்கள் பங்காளி ராமப்பன் செத்த தீட்டு உங்கள் வீட்டுக்கு இன்னும் கழியவில்லை. வீட்டுக்குள் போனால் ஊர் அதை நிச்சயதார்த்தம் என்று எழுதிவிடும். அப்போது யோசனை சொன்னவன் நான்தான். அவர்கள் ஊர் கடப்பாக்கம், பக்கத்திலேயே கடலோரம் ஆலம்பரைக் கோட்டை. நாமும் சும்மா கோட்டை பார்க்கப் போவது, அவர்களும் சும்மா கோட்டை பார்க்க வருவது, அங்கே தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது. இந்த மாதிரி யோசனை கலெக்டர் ஆபீசில்கூட யாருக்கும் வராது.

விடியுமுன் நானும் உன் அம்மாவும் முனிவேல் ஓட்டுகிற வாடகை வண்டியில் கிளம்பினோம். முன் சீட்டில் நான். கடலோரம் எனக்குப் பழக்கம் என்பது உனக்கே தெரியும், பர்கூர் கிரானைட் பட்டறையில் இருந்த காலத்தில் கல் லாரியோடு மெட்ராஸ் துறைமுகம் வரை போய்க் கப்பலுக்கே வழி காட்டினவன். ஊத்தங்கரை, திருவண்ணாமலை, திண்டிவனம் வரைக்கும் ஒரு குறையுமில்லை. மரக்காணம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முனிவேல் போனில் இருக்கிற பொம்பளை வலது பக்கம் திரும்பு, திரும்பு என்றாள். நான் எட்டிப் பார்த்தால் உப்பளம், பனைமரம், அதுக்கப்புறம் வெறும் வானம். மலை எங்கே? நம்ம ஜில்லாவில் கிருஷ்ணகிரிக் கோட்டை பாறை மேல, ராயக்கோட்டை பாறை மேல, ஜெகதேவி பாறை மேல. கோட்டைன்னு ஒன்னு கட்டறவன் தரையிலயா கட்டுவான், எதிரி நடந்தே உள்ள வந்துட மாட்டானா. அந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும், வாயை மூடச் சொல்லு, மலை தெரியற வரைக்கும் நேரா போ என்றேன். முனிவேல் சொன்னபடி கேட்கிறவன், அதுதான் அவனிடம் உள்ள கோளாறு.

நடுவில் செல்வம் உன் அம்மா போனுக்குக் கூப்பிட்டார். நான்தான் எடுத்து, அடிவாரத்துக்கு வந்துட்டோம்ங்க, அஞ்சு நிமிஷம் என்று தைரியம் சொன்னேன். பாவம், அந்த ஊரில் அடிவாரமே கிடையாது. மனுஷன் கோட்டையைச் சுற்றிச் சுற்றி எங்களைத் தேடியிருக்கிறார். நாங்கள் திரும்பக் கூப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். வழியெல்லாம் நான் அதிலேயே பாட்டுப் போட்டுக்கொண்டு வந்ததில் அதற்குள் போன் செத்துவிட்டது, அவர் நம்பரும் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டது.

ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் மத்தியானத்துக்கு மேல் ஒரு மலை கிடைத்தது. பார் அக்கா, சொன்னேனில்ல என்று இறங்கினேன். அது திருக்கழுக்குன்றமாம். மேலே சிவன் கோயில்தான் இருக்கு என்றாள் பூக்காரி. கோட்டை அதுக்குப் பின்னால இருக்கும் என்று நான் படி ஏறினேன். திரும்பிப் பார்த்தால் உன் அம்மா முதல் படிக்குக் கீழேயே நிற்கிறாள், கையில் பெண்ணுக்கு வாங்கின மல்லிகை. தீட்டோடு கோயில் படி மிதிக்க மாட்டாள். வெயில் போய் மேகம் மூடிவிட்டது, பூவும் வதங்கிவிட்டது. என்னை இறங்கி வரச் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"நாராயணா, நெசமா சொல்லு. நீ எப்பவாச்சும் கடலப் பாத்துகிறியாடா?"

அந்த இடத்தில் பஸ் சத்தம் அதிகம், பதில் சொல்ல வசதிப்படவில்லை.

அப்புறம் வழி கேட்டதெல்லாம் முனிவேல்தான். ஆலம்பரைக்குத் திரும்பி வந்தபோது பொழுது இறங்கிவிட்டது, தூறல் வேறு. கோட்டை தரையில்தான் இருக்கிறது விஜயகுமார். இடிந்த செங்கல் சுவர், மணலில் கட்டி கட்டியாக விழுந்து கிடக்கிறது. அதை ஒட்டிச் செல்வமும் அவர் சம்சாரம் இருளாயியும் நின்றிருந்தார்கள். செல்வம் கழுத்து வரை பட்டன் போட்டிருந்த புதுச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இருளாயி காலையில் வைத்த மீன் குழம்பையும் சோற்றையும் தூக்குவாளியோடு இன்னும் இடுப்பில் வைத்திருந்தார். சத்யப்ரியா இல்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மத்தியானம் தாண்டியும் நின்றுவிட்டு, வேலை பார்க்கிற ஒசூர் கம்பெனியில் மறுநாள் காலை ஷிப்டு என்று பஸ் ஏறிவிட்டதாம்.

நான் பெருந்தன்மையாக, கோட்டை மலை மேல் இருக்குமென்று நினைத்துவிட்டோம் என்று விளக்கினேன். செல்வம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

"எங்க கோட்டை தரையிலதாங்க கெடக்கு. நாங்களும் தரையிலதான் கெடக்கோம். நீங்க உசரமா எதையோ தேடி வந்திருக்கீங்க, தேடிக்குங்க" என்றார்.

நிலைமையைச் சரிக்கட்ட அந்தக் கோட்டையின் முழு வரலாற்றையும் நானே உண்டாக்கி அவருக்குச் சொன்னேன். அவர் காது கொடுக்கவில்லை. உன் அம்மா எங்களை விட்டுவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் போய் உட்கார்ந்தாள். இருட்டில் அங்கே வெள்ளையாக ஒரு கோடு வரும், போகும், அவ்வளவுதான். இருளாயியும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது, பேசினார்களா என்றே தெரியாது. திரும்பும்போது உன் அம்மா புடவை முட்டி வரை நனைந்திருந்தது. 

ஆகவே அந்தப் பெண்ணை மறந்துவிடு. இந்நேரம் அக்காள் மகனுக்குப் பேசி முடித்திருப்பார்கள். நீ துவண்டுவிடக் கூடாது என்பதற்காக ஜவளகிரியில் கிருஷ்ணப்பன் மகள் அனிதாவுக்கு உன்னைப் பேசி வாக்கே கொடுத்துவிட்டேன். நல்ல மேட்டு நிலம், யானை வந்தால் மட்டும் கொஞ்சம் தொந்தரவு. மனதைத் தேற்றிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. மலையப்பன் உன்னைக் காப்பாற்றட்டும், மெஷினில் கை வைக்கும்போது நீயே காப்பாற்றிக்கொள்.

இப்படிக்கு,
உன் நன்மையைத் தவிர வேறொன்றும் அறியாத மாமன்,
நாராயணப்பன்

பி.கு.: கவரை ஒட்டுகிற நேரத்தில் உன் அம்மா வந்து, மூன்று நாளைக்கப்புறம் முதல் தடவையாக என்னோடு பேசினாள். அன்றைக்கு இருட்டில் அவளும் இருளாயியும் அந்தக் குழம்பையும் சோற்றையும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தார்களாம். வதங்கின பூவையும் இருளாயி வாங்கி வைத்துக்கொண்டாராம். தினமும் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். செல்வமும் இறங்கி வந்துவிட்டார். தீட்டு கழிந்ததும் நிச்சயம், கடப்பாக்கத்திலேயே. ஜவளகிரிக்கு நான் ஆள் விட்டுச் சொல்லிவிடுகிறேன், மேலே எழுதினதைக் கிழித்துவிடு. செல்வம் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று, வரும்போது நான் முன் சீட்டில் உட்காரக் கூடாதாம். யோசித்துச் சம்மதித்தேன்.

நிச்சயத்துக்கு ஒரு நாள் முன்னாலேயே, வெளிச்சம் இருக்கும்போது போய்ச் சேர்கிற மாதிரி முனிவேலுக்கு நீயே ஒரு வரி எழுதிவிடு. அன்றைக்கு இருட்டில் கடல் சரியாகத் தெரியவில்லை. எனக்கில்லை, உன் அம்மாவுக்காகச் சொல்கிறேன். எனக்குப் பின் சீட்டில் ஜன்னலோரம் போதும்.