கடைசிப் பக்கத்தை அழித்த அண்ணன் எழுதுவது

அன்புள்ள தங்கை பாப்பாவுக்கு,

அண்ணன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பால் பாத்திரமும் தவிர மற்ற யாவரும் நலம். அங்கே நீயும் உன் மகளும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போன வாரம் புறப்படும்போது, "மனசு சரியில்லண்ணா, கொஞ்ச நாள் மக வீட்ல இருந்துட்டு வரேன்" என்று மட்டும் சொன்னாய். உன் மனசு ஏன் சரியில்லை என்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. காரணம் நான். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "சரிண்ணா, விடுங்க" என்று இரண்டே வார்த்தையில் மன்னித்துவிடுவாய். நான் செய்த காரியத்துக்கு அது பற்றாது. ஆகவே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து படி.

முதலில் சின்னக் குற்றம். நர்ஸ் என்ற அதிகாரத்தில் தினமும் காலையில் முக்கால் மணி நேரம் என்னை நடக்கச் சொன்னாயே, நான் நடக்கவில்லை. இரண்டு மாதமாகவே நடக்கவில்லை. தெருமுனை வரை போய், அங்கிருக்கும் நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்குள் நுழையும்போது மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கிக் காட்டுவேன். ஒருநாள் நூலகர் அம்மா, "சும்மாதானே உக்காந்திருக்கீங்க சார், திரும்பி வர்ற புத்தகத்தைக் கொஞ்சம் சரி பண்ணித் தரீங்களா?" என்றார். கிழிந்ததை ஒட்ட வேண்டும், மடக்கியதை நிமிர்த்த வேண்டும், பென்சில் கிறுக்கலை அழிக்க வேண்டும். முப்பத்துநாலு வருஷம் வரைபட அலுவலகத்தில் குப்பை கொட்டியவனிடம் போய் அழிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? ஒரு ஆற்றையே தாளில் அழித்து வேறு பக்கமாக ஓடவிட்டவன் நான், மேலதிகாரிக்குக்கூடத் தடம் தெரியாது. மறுநாளே ரப்பரும் கையுமாகப் போய் நின்றேன்.

அப்போதுதான் அந்த நாவல் என் மேஜைக்கு வந்தது. புருஷனை இழந்த ஒருத்தி கடலோர ஊருக்குப் போய்ப் பூக்கடை வைக்கிறாள், அங்கே ஒரு மாட்டு டாக்டரைப் பார்க்கிறாள், ஒருவர் மனசை ஒருவர் ஆற்றிக்கொள்கிறார்கள், முந்நூறு பக்கம். ஓரமெல்லாம் பென்சில், இரண்டு பேர் கையெழுத்து. அழிக்கிறவன் படிக்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் பழக்கம். படித்தால் கை நின்றுவிடும். அதனால் எதையும் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டுதான் அழிப்பேன். அப்படியும் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. "இந்த டாக்டருக்கு வைத்தியம் பாக்க மாடே கிடையாதா? எப்பப் பாத்தாலும் பூக்கடையிலேயே நிக்கிறாரு" என்று ஒருவர் எழுதியிருக்க, "மாடெல்லாம் நல்லாத்தான் இருக்கு, டாக்டருக்குத்தான் உடம்பு சரியில்ல" என்று இன்னொருவர் கீழே பதில் போட்டிருந்தார். வேலையத்ததுங்க என்று திட்டிக்கொண்டே மூன்று காலை உட்கார்ந்து அழித்தேன். கடைசியில் அச்சடிக்காத வெற்றுப் பக்கம் ஒன்று இருந்தது. அதில் நெருக்கி எழுதியிருந்ததை அழிக்க மட்டும் ஒரு மணி நேரம் ஆனது. ஒருவருடைய 'ழ'வுக்கு அடுத்த வரி வரை நீளமாக வால். அந்த வாலைத் தேய்த்துத் தேய்த்து என் கட்டைவிரலே வலித்தது, பாப்பா.

நீ வீட்டில் ஒரு புத்தகத்துக்குச் செய்தித்தாள் அட்டை போட்டு வைத்திருப்பாய், அதுதான் இது என்று நான் கண்டேனா? உன் கையெழுத்தை நிமிர்த்தி வைத்தால் ஆயிரம் பேர் எழுத்தில் கண்டுபிடிப்பேன். தலைகீழாக நான் பார்த்ததே இல்லையே. நான் அழித்து முடித்து நாலு நாள் கழித்து, ஒரு சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்து, உடுப்புகூட மாற்றாமல், அடுப்படியில் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். "என்னம்மா, கதை சோகமா?" என்றேன். "இல்லண்ணா, சந்தோஷமாத்தான் முடியுது. கடைசிப் பக்கத்துல ஒண்ணுமே இல்ல, அவ்வளவுதான்" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது பைண்டிங்குக்காகச் சும்மா விடுற பக்கம்மா." இப்படி ஒரு விளக்கம் சொன்ன வாயை என்ன செய்வது? மறுநாள் காலை நீ பெட்டியோடு நின்றாய்.

நீ போன பிறகு பால் பொங்கி வழிந்து, குனிந்து துடைக்கப் போய், மூக்குக் கண்ணாடி விழுந்து அதன் ஒரு காது கழன்றுவிட்டது. நேற்று அதை எடுத்துக்கொண்டு கடைத்தெருக் கண்ணாடிக்காரரிடம் போனேன். மனைவி போய் ஆறு வருஷமான மனுஷன், அளந்துதான் பேசுவார். "தங்கச்சி சௌக்கியமா?" என்றார். "ஊருக்குப் போயிருக்கா, எப்ப வருவாளோ தெரியல" என்றேன். அதற்கப்புறம் அந்தக் கடுகளவு திருகாணியை அஞ்சு நிமிஷம் திருகினார், தலை நிமிரவே இல்லை. பிறகு சீட்டு எழுதிக் கொடுத்தார். 'கழன்ற காது, சரி செய்யப்பட்டது.' கண்ணாடியைப் போட்டுப் பார்க்கிறேன், அந்த 'ழ'வுக்கு அடுத்த வரி வரை வால்.

வீட்டுக்கு வந்து, நீ அலமாரியில் விட்டுப்போன புத்தகத்தின் அட்டையைக் கழற்றினால் என் கைவேலை பளபளவென்று இருக்கிறது. அவர் செய்து கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் அவர் எழுதியதையெல்லாம் கோடு கோடாகத் தேடி அழித்திருக்கிறேன். நூலகத்திலிருந்து மாறி மாறி எடுத்துப்போய் எழுதியிருக்கிறீர்கள். நான் அழித்த பிறகு முதலில் எடுத்துப் பார்த்தவர் அவர், அடுத்து நீ. நீ அழித்துவிட்டாய் என்று அவர் நினைத்திருக்கிறார், அவர் அழித்துவிட்டார் என்று நீ நினைத்திருக்கிறாய். நடுவில் ஒரு குரங்கு பூமாலையைப் பிய்த்துப் போட்டது உங்கள் இருவருக்குமே தெரியாது.

உன் வீட்டுக்காரர் போன பிறகு பதினோரு வருஷமா உன்னை நான் வச்சுப் பாத்துக்கறேன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியறேன். சோறு போட்டது நீ, மாத்திரை எடுத்துக் கொடுத்தது நீ, என் சட்டைக்குப் பட்டன் தைச்சது நீ. உனக்கு என்ன வேணும் பாப்பான்னு ஒரு நாள் கேட்டேனா? கேக்கல. நாலு மாசமா நீ சிரிச்சது அந்தப் புத்தக ஓரத்துலதான், அதையும் துடைச்சுட்டேன். என்னை நினைச்சா எனக்கே கசக்குது.

கண்ணாடிக்காரரிடம் சொல்ல எனக்கு முகமில்லை. அவர் கடைப் பக்கமே போக மாட்டேன், அவரிடம் மூச்சு விடவும் மாட்டேன். நீ அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்து நீயே சொல்லிக்கொள். வீடும் வீடாக இல்லை. "பால் பொங்குறப்ப பக்கத்துலயே நில்லுங்க" என்று நீ ஒட்டிவிட்டுப் போன சீட்டைத் தினமும் படிக்கிறேன், அதைப் படிக்கும் நேரத்தில்தான் பொங்குகிறது. எப்போதும்போல அழுத்தி எழுதியிருக்கிறாய், தாளில் ஓட்டையே விழுந்திருக்கிறது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, உன் மகளுக்கு என் ஆசி. நீ நூறு வயது குறைவில்லாமல் இருக்க வேண்டும், அதில் கொஞ்சமாவது உனக்காக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தடம் தெரியாமல் அழிக்கும்
அண்ணன்

பி.கு.: மேலே எழுதியதில் பாதியை விட்டுவிடு. கவரை ஒட்டப் போகும்போதுதான் மண்டையில் உறைத்தது. நீ அழுத்தி எழுதுகிறவள், ரப்பர் கரியைத்தான் எடுக்கும், பள்ளத்தை எடுக்காது. கடைசிப் பக்கத்தில் பென்சிலைப் படுக்க வைத்து லேசாகத் தேய்த்தேன். எழுத்து வெள்ளையாக எழுந்து வந்தது. இந்தத் தடவை நிமிர்த்தி வைத்துப் படித்தேன். அவர் எழுதியதில் 'மீதி வாழ்க்கை'யும் 'சேர்ந்து'ம் மட்டும் தெரிந்தன, அது போதும். நீ எழுதியது முழுசாகவே வந்தது. "எனக்குச் சம்மதம். ஆனா எங்கண்ணனுக்குப் பால் காய்ச்சக்கூடத் தெரியாது. அவரும் நம்மகூடத்தான் இருப்பார். அதுக்குச் சரின்னா கீழே ஒரு டிக் போடுங்க."

ஆக, டிக் இல்லாத வெறும் பக்கத்தைப் பார்த்து, நான் ஒரு சுமை என்றுதான் அவர் வேண்டாமென்றார் என நினைத்துக்கொண்டாய். எனக்கு அது தெரியக் கூடாது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். நான் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு நான் கூட இருப்பதைச் சொல்லும் அந்த ஒரு வரியை மட்டும் சுத்தமாக அழித்தேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடி, நடந்ததையெல்லாம் சொல்லிப் பக்கத்தைக் காட்டினேன். அவர் இரண்டு தரம் படித்துவிட்டு, "நடுவுல ஒரு வரி விட்டுப்போயிருக்கே" என்றார். "அது தேவையில்லாத வரிங்க" என்றேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். "அவரும் நம்மகூடத்தான் இருப்பார்" என்று அதே இடத்தில் மறுபடி எழுதி, கீழே டிக் போட்டார். பேனாவால். அதை அழிக்கும் ரப்பர் என்னிடம் இல்லை.

பஸ் ஏறி வராதே. இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. கொண்டுவந்து கொடுத்துவிட்டு, புத்தகத்தோடு வாசலிலேயே நிற்கிறாரே, அவரை முதலில் உள்ளே வந்து உட்காரச் சொல்.