கார்டுக்கு நாடி பிடித்தவர்

கணினிச் சந்தைக் கட்டடத்தின் தரைத்தளத்தில் தொடங்கிய வரிசை, படிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி, இரண்டாம் மாடிக் கழிவறை வாசலில் சற்றுத் தயங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதையும் தாண்டி, மூன்றாம் மாடியில் நாடியார் கடை வாசலில் போய் முடிந்தது. நான் பார்த்த அன்று நாலாயிரம் பேர். சரி, நானூறு. முந்நூறுக்குக் குறையாது, அதற்குக் கீழே நான் இறங்கி வரமாட்டேன்.

ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு துணிப்பொட்டலம். பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடிவந்த முகங்கள். பொட்டலத்துக்குள் இருந்தது குழந்தை அல்ல, பழுதான கிராபிக்ஸ் கார்டு.

தெரியாதவர்களுக்காக: திரையில் படம் ஓட்டுவதற்கென்றே கணினிப் பெட்டிக்குள் செருகுகிற கனத்த பலகை அது. நடுவில் மூளையாக ஒரு சிப். அதன்மேல் சூட்டை இழுக்க ஓர் உலோகக் கட்டி, அதற்கும் மேல் விசிறி. கட்டியும் விசிறியும் மூடிக்கொண்டிருப்பதால் கார்டு வைத்திருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அந்தச் சிப்பைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத பொருளின்மேல் எத்தனை மாடி வேண்டுமானாலும் கட்டலாம் என்பது நாடியாருக்குப் பிறவி ஞானம்.

நாடியாரிடம் மீட்டர் கிடையாது. திருப்புளி கிடையாது. வெள்ளைச் சட்டை, செம்புக் காப்பு, மூடிய கண்கள், இவ்வளவுதான் பட்டறை. கார்டை மடியில் கிடத்தி, உலோகக் கட்டியின்மேல் கட்டைவிரலை அழுத்துவார். கூட்டம் மூச்சை அடக்கும். அவர் உதடு ஒன்று, இரண்டு என்று எண்ணும். பிறகு தீர்ப்பு. இந்தக் கார்டின்மேல் பக்கத்து வீட்டுக்காரர் கண் பட்டிருக்கிறது. இந்தக் கார்டை வாங்கிய அன்று கொழுந்தியாள் தும்மியிருக்கிறாள். இந்தக் கார்டுக்கு எஜமானனைப் பிடிக்கவில்லை.

தீர்ப்புக்குப் பின் சிகிச்சை. கறுப்புத் திரை போட்ட உள்ளறைக்குத் 'தவ அறை' என்று பெயர். கார்டு அங்கே ஒன்பது நிமிடம் தவம் செய்யும். வெளியே கொண்டுவந்து கணினியில் செருகினால் சில கார்டுகளில் நிஜமாகவே படம் வரும். உடனே கைதட்டல். செம்புக் கம்பியில் ஒரு காப்புக் கட்டிக் கொடுத்து அனுப்புவார். இருபது நாளில் அந்தக் கார்டு மறுபடி படுத்துவிடும். அப்போது குற்றவாளி நாடியார் அல்ல, வீட்டில் உள்ள யாரோ ஒருவர். இப்படியாக அந்த மாதத்தில் மட்டும் மூன்று மாமியார்கள், ஒரு மைத்துனர், ஒரு பூனை ஆகியோர் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். பூனை மட்டும் திரும்பி வந்தது.

படம் வராத கார்டுகளுக்கு வேறு வழி. "உயிர் பிரிஞ்சிடுச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். இறந்த கார்டை வீட்டில் வைத்தால் மற்ற சாமான்களும் ஒவ்வொன்றாகப் போகுமாம். அதனால் தானே அடக்கம் செய்துவிடுவதாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்வார். அடக்கம் எங்கே நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. துக்க வீட்டில் அதையெல்லாம் கேட்பது நாகரிகமா?

அதே மாடியின் கடைசியில், மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு பெண் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். எல்லோருக்கும் அவள் மீட்டர் அக்கா. மேசையில் உருப்பெருக்கி, பற்றவைக்கும் கோல், மீட்டர். அங்கே ஈ ஓட்டக்கூட ஆள் இல்லை, ஈயே இல்லை. காரணம் அவள் வாய். என்ன கோளாறு என்று யார் கேட்டாலும் "திறந்து பாத்துதான் சொல்லணும்" என்பாள். நம் ஆட்களுக்குப் பார்த்துச் சொல்கிறவர்களைக் கண்டால் இளப்பம். பார்க்காமல் சொல்கிறவர்தான் பெரிய மனிதர்.

இதெல்லாம் ஊரான் வீட்டுக் கூத்தாக இருந்தவரை நானும் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு புதன்கிழமை, கூத்து எங்கள் வீட்டுக்குள் வந்தது.

இன்னும் கட்டாத கட்டடங்களைக் கணினிக்குள் கட்டிக் காட்டுவது என் மருமகளின் தொழில். எட்டு மாதமாக வேலை இல்லாமல் இருந்தவளுக்கு ஒரு பெரிய நிறுவனத்தில் கடைசிச் சுற்று வாய்த்தது. குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் உள்ளே நடந்து போவதுபோல் ஒரு படம் செய்து திங்கட்கிழமை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். படுக்கை விரிப்பின் சுருக்கம்வரை எல்லாம் வரைந்து முடித்துவிட்டாள். அதைப் படமாக ஓட்டி எடுப்பதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அவளுடைய கார்டு செத்தது. விசிறி சுற்றவில்லை, திரையில் ஒரு புள்ளி இல்லை. கார்டு இல்லாமல் அவள் கணினி அந்தப் படத்தை எடுக்கப் பதினொரு நாள் ஆகும். விலை தெரிந்ததால் புதுக் கார்டு என்ற பேச்சே வீட்டில் எழவில்லை.

என் மகன் மூன்றிலக்கப் பெருக்கலை மனத்திலேயே போடுகிறவன். அந்த மேதாவி, மனைவி குளித்துக்கொண்டிருந்தபோது கார்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு நேரே நாடியாரிடம் போனான். திரும்பி வந்தபோது கையில் கார்டு இல்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"அப்பா, நீங்க அந்தக் கார்டைப் பாத்துப் பெருமூச்சு விட்டீங்களா?"

"மூட்டுவலிடா. நான் எதைப் பாத்தாலும் பெருமூச்சுதான்."

"வீட்ல நரைச்ச தலை ஒண்ணு பெருமூச்சு விட்டிருக்குன்னு சொன்னார். எப்படிப்பா அவ்வளவு கரெக்டா சொல்றார்?"

நரைத்த தலை இல்லாத வீடு, பெருமூச்சு விடாத நரைத்த தலை, இரண்டில் ஒன்றைக் காட்டடா என்றேன். அவன் காதில் விழவில்லை. கார்டுக்கு நாடி இறங்கிக்கொண்டே வருகிறதாம். சனிக்கிழமை காலை தவம். தாங்காவிட்டால் அடக்கம்.

மருமகள் கத்தவில்லை. ஈரத்தலையோடு ஓடிப்போய்க் கார்டைத் திருப்பிக் கேட்டாள். தவத்துக்கு வைத்ததை எடுத்தால் அறையில் இருக்கும் மற்றக் கார்டுகளுக்கும் ஆகாது என்று நாடியார் சொல்லி வாய் மூடவில்லை, வரிசையில் நின்றவர்களே அவளை விரட்டினார்கள். எங்கள் கார்டும் உள்ளே இருக்கிறதம்மா, உன் அவசரத்துக்கு அதுகளைக் கொல்லாதே என்று ஒரு பெரியவர் கும்பிட்டாராம்.

வெள்ளிக்கிழமை அவளும் நானும் மீட்டர் அக்காவிடம் போனோம். அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, தவம் என்பது வேறொன்றும் இல்லை, சூடு என்றாள். சிப்புக்கு அடியில் விரிசல் விட்ட இணைப்புகள் சூட்டில் கொஞ்ச நாள் ஒட்டிக்கொள்ளும், பிறகு விடும். மருமகள் சொல்கிற அறிகுறிகளைப் பார்த்தால் இது வேறு கோளாறு, பெரும்பாலும் சின்னது. சுட்டால் சரியாகாது. நல்ல சிப்பும் சேர்ந்து போகலாம்.

"சுடறதுக்கு முன்னாடி என் கைக்கு வந்தா ஏதாவது பண்ணலாம். சுட்டுட்டாங்கன்னா என்கிட்ட வராதீங்க."

மருமகள் மேசைமேல் கிடந்த ஒரு பழைய கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசிறியும் கட்டியும் கழற்றி வைத்த கார்டு. நடுவில் சிப் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. போன மாதம் அதன் சிப்பை எடுத்து வேறொரு கார்டுக்குப் போட்டுவிட்டதாக அக்கா சொன்னாள்.

"அக்கா, இதுமேல மறுபடி விசிறியை மாட்டினா வெளிய தெரியுமா?"

"நாலு திருகு. கடவுளுக்கே தெரியாது."

மருமகள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, உங்களுக்கு அழத் தெரியுமா?"

முப்பத்தைந்து வருடம் மேலதிகாரிகளிடம் விடுப்புக் கேட்டவனிடம் கேட்கிற கேள்வியா இது?

சனிக்கிழமை காலை, சிப் இல்லாத கார்டைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றேன். நான் அழுத அழுகையில் முன்னால் நின்ற பதினேழு பேர் வழிவிட்டார்கள். ஒரு அம்மாள் தண்ணீர் கொடுத்தாள். மகன் மனைவியின் கார்டு செய்யப்போகும் தவத்தைப் பார்க்க முன்வரிசையில் நின்றிருந்தான். என்னைப் பார்த்து, கடைசியில் அப்பா திருந்திவிட்டார் என்று பூரித்துப்போனான்.

நாடியார் கார்டை வாங்கினார். கண்ணை மூடினார். கட்டைவிரல் அழுத்தியது. உதடு எண்ணியது.

"துடிக்குது" என்றார். "ரொம்ப மெதுவா."

"சிப் எப்படிங்க இருக்கு?" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"நடுச்சிப்தான் கஷ்டப்படுது. உள்ள இருந்து என்னைக் கூப்பிடுது. நீங்க இதுகிட்ட கோவமாப் பேசியிருக்கீங்க."

"பேசிட்டேங்க. பாவி, பேசிட்டேன்."

கூட்டம் உச்சுக் கொட்டியது. அப்போது பின்னாலிருந்து மீட்டர் அக்கா திருப்புளியோடு வந்தாள், கூடவே என் மருமகள்.

"அந்தச் சிப்பை எல்லாரும் ஒரு தடவை பாத்துக்கலாமா?" என்றாள் அக்கா.

உயிரோடு இருப்பதைத் திறக்கக் கூடாது என்று நாடியார் சீறினார். கார்டு என்னுடையது, நான் திறக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு அக்காவின் திருப்புளியை வாங்கினேன். ஒரு திருகு, இரண்டு, மூன்று, நாலு. கட்டியைத் தூக்கினேன்.

சிப் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஈயப் புள்ளிகள் மட்டும், ஆள் காலி செய்து போன வீட்டுச் சுவரில் ஆணித் துளைகள் இருப்பதுபோல. தூக்கிப் பிடித்து நாலு பக்கமும் காட்டினேன். எனக்குத் தண்ணீர் கொடுத்த அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இவரைக் கூப்பிட்ட சிப் எங்க?"

"என் கடைல இருந்து போன மாசமே போயிடுச்சும்மா, வேற கார்டுல ஓடிக்கிட்டிருக்கு" என்றாள் அக்கா.

நாடியார் லேசுப்பட்டவர் அல்லர். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "உடம்பு போனாலும் துடிப்பு போகாது."

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் மிகையே இல்லை: பாதிக் கூட்டம் தலையாட்டியது. என் மகன் உட்பட.

அக்கா அலுத்துக்கொள்ளவில்லை. "துடிப்புதானே? எல்லாரும் கட்டைவிரலைப் பக்கத்துல இருக்கற சுவர்ல வைங்க. நல்லா அழுத்தி, அசையாம இருங்க."

இலவசமாகச் செய்யச் சொன்னால் நம் ஆட்கள் எதையும் செய்வார்கள். முந்நூறு கட்டைவிரல்கள் முந்நூறு இடத்தில் அழுந்தின. முதலில் ஒரு சிறுமி சுவருக்கு நாடி இருப்பதாகச் சொன்னாள். கைப்பிடிக் கம்பிக்கும் இருந்தது. கழிவறைக் கதவுக்கும் இருந்தது. காவலாளி தன் டார்ச்சை அழுத்திப் பார்த்துவிட்டு, அதற்குப் படபடப்பு அதிகம் என்றார்.

"அது உங்க விரல் துடிக்குது" என்றாள் அக்கா. "இவர் இத்தனை நாளா எண்ணினது இவரோட நாடியை."

மகன் தன் விரலைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், மறுபடி விரலைப் பார்த்தான். மூன்றிலக்கப் பெருக்கலுக்குக்கூட அவன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. பிறகு போய்க் கறுப்புத் திரையைப் பிடித்து இழுத்தான்.

தவ அறையில் ரொட்டி சுடும் மின் அடுப்பு ஒன்று இருந்தது. பக்கத்து அலமாரியில், அடக்கமாகிப்போன கார்டுகள் பளபளவென்று துடைத்து வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் கழுத்திலும் உதிரிபாகத்துக்கான விலைச்சீட்டு. என் மருமகளை விரட்டிக் கும்பிட்ட பெரியவர் அதில் ஒன்றை எடுத்துத் திருப்பினார். அவருடைய பேரன் ஒட்டிய நட்சத்திரம் இன்னும் அதில் இருந்தது. அது வியாழக்கிழமை இறந்துவிட்டதாகக் கேட்டு, அவர் இரண்டு நாள் சாப்பிடாமல் துக்கம் வேறு அனுசரித்திருந்தார். ஏமாற்றியதைக்கூடக் கூட்டம் பொறுத்திருக்கும். அழவைத்ததைப் பொறுக்கவில்லை. நாடியார் படிக்கட்டில் இறங்கிய வேகத்தை அளக்க அக்காவிடமே மீட்டர் இல்லை.

மருமகளின் கார்டு அடுப்புக்குப் பக்கத்தில் தன் முறைக்காகக் காத்திருந்தது. சுடவில்லை. அக்கா அதன்மேல் ஸ்பிரிட்டைத் தடவி, துளி மின்சாரம் விட்டாள். பலகை முழுக்க ஈரமாக இருக்க, ஓர் ஓரத்தில் மட்டும் எள்ளளவு இடம் சட்டென்று காய்ந்தது. கோளாறு அங்கேதான். எள்ளளவே உள்ள ஓர் உறுப்பு ஷார்ட் ஆகிச் சூடேறியிருந்தது. அதைப் பிடுங்கி வேறொன்றை வைத்தாள். விசிறி சுழன்றது. என் வாழ்நாளில் பார்த்த மிகப் பெரிய அற்புதம் அது. ஒருவரும் கைதட்டவில்லை.

ஞாயிறு முழுக்கக் கணினி உறுமியது. திங்கள் பதினொன்றரைக்குப் படம் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் வேலைக்கு வரச் சொன்னார்கள். மகன் இப்போது என் பெருமூச்சுகளைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை.

நேற்று அக்கா கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். எனக்கு முன்னால் நின்றவர் தன் கார்டை இரண்டு கையாலும் நீட்டி, "உங்க கைராசி பத்திக் கேள்விப்பட்டேங்க, சும்மா ஒரு தடவை தொட்டுக் குடுத்தாப் போதும்" என்றார். அக்கா அவர் கையில் திருப்புளியைக் கொடுத்து, நீங்களே திறங்க என்றாள்.

கார்டுக்குள் சிப் இருக்கிறதா என்று பார்க்க நாலு திருகைக் கழற்ற வேண்டும். நம் மண்டைக்குள் இருக்கிறதா என்று பார்க்க அவ்வளவு சிரமம்கூட வேண்டாம். வரிசையில் போய் நிற்பதற்கு முன்னால், வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டால் போதும்.