பீரோவிலிருந்து விழ வருமாறு சம்பந்திக்கு ஓர் அழைப்பு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் சௌக்கியம். என் இடுப்பு மட்டும் இந்தக் கணக்கில் சேராது, அதைப் பற்றி உரிய இடத்தில் எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமை காலை நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, ஹாலில் உள்ள பீரோவின் மேலிருந்து ஒரு பத்துத் தடவை விழுந்து கொடுக்க முடியுமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனை நீங்கள் பாதியில் வைத்துவிடலாம், கடிதத்தைப் பாதியில் வைக்க மாட்டீர்கள். நீங்கள் நூலகராக இருந்தவர்.

போன மாதம் உங்கள் வீட்டுக்கு நான் அனுப்பிய கண்ணாடிச் சாமான் பெட்டி நினைவிருக்கும். நாலு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்குக் கப்பலில் போகிற மாதிரி பேக் செய்திருந்தேன். இருபத்து நான்கு உருப்படி, ஒன்றில்கூடக் கீறல் இல்லை என்று பாராட்டினீர்கள். உள்ளே இருந்த ஸ்பான்ஜ் மாதிரி எங்கேயும் பார்த்ததில்லை என்று சம்பந்தியம்மா சொன்னதாகவும் சொன்னீர்கள். கண்ணாடித் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் பரிசோதகனாக இருந்தவன் நான். மூன்று நாள் எனக்குக் கால் தரையில் படவில்லை. நான்காம் நாள் நம் பெண் வந்தாள், ஸ்டோர் ரூமைத் திறந்தாள், "அப்பா, இங்க சாத்தி வெச்சிருந்த என் க்ராஷ் பேட் எங்கே?" என்றாள். அப்படி ஒரு பேர் உள்ள பொருள் நம் வீட்டில் இல்லையே என்றேன். "மெத்தை மாதிரி இருக்கும்பா, முதுகுல மாட்டிக்க வார் இருக்கும்" என்றாள். மெத்தைக்கு எதற்கு வார் என்று பெட்டி கட்டிய அன்றைக்கே ஒரு நிமிஷம் யோசித்தேன். இன்னொரு நிமிஷம் யோசித்திருக்கலாம், அதற்குள் கத்தி கையில் வந்துவிட்டது. அவளும் மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமைகளில் கயிறு கட்டாமல் பெரிய பாறைகளில் ஏறுகிறார்களே, அப்போது கீழே போட்டுக்கொள்வதாம் அது. கை வழுக்கினால் அதன் மேல்தான் விழுவார்களாம். அதாவது சம்பந்தி, உங்கள் சூப் கிண்ணங்களுக்கு அடியில் இருந்தது என் மகளின் முதுகெலும்பு.

அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எவ்வளவோ தேவலை. சிரித்தாள். "போனது போகட்டும்பா. வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு பாறைக்குப் போறோம், மூணு மாசமா கைக்குச் சிக்காத பாறை. நீங்களே நல்லதா ஒண்ணு பாத்து வாங்கி வெச்சிருங்க. இதுல உங்களுக்குத் தெரியாததா?" என்றாள். அதற்குள் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "ரெண்டு போர்வையை மடிச்சுப் போட்டுக்கறோம்" என்றாள். அன்றோடு என் தூக்கம் போயிற்று.

கடைக்குப் போனேன். கைமுட்டி வரை சாக்பீஸ் தூளோடு ஒரு பெண் வந்து என்ன வேண்டும் என்றாள். "விழுந்தா உடையாம இருக்கணும்" என்றேன். "மெத்தையா சார்?" என்றாள். "என் பொண்ணு" என்றேன். அந்தப் பெண் அதற்கப்புறம் மிகவும் பொறுமையாகப் பேசினாள். நல்ல மெத்தைக்கு இரண்டு அடுக்கு உண்டாம்: மேலே கெட்டியான ஃபோம், அது அடியைப் பரத்தும், கீழே மெத்தென்ற ஃபோம், அது அடியை வாங்கிக்கொள்ளும். இதை நான் தொழிற்சாலையில் விளக்குக் கூண்டுகளுக்குச் செய்திருக்கிறேன், ஆகவே தலையாட்டினேன். புத்தகம் மாதிரி இரண்டாக மடிகிற சாம்பல் நிற மெத்தை தரையில் நன்றாகப் படியும், ஆனால் நடு மடிப்பில் கால் மாட்டினால் கணுக்கால் போயிற்று. மடிப்பே இல்லாமல் வளைத்துக் கட்டுகிற நீல மெத்தையில் அந்த ஆபத்து இல்லை, ஆனால் விரித்துவைத்தால் நாலு மூலையும் தூக்கிக்கொண்டு நிற்கும். மூன்றாவது ஒன்று, ஆரஞ்சு நிறம், வாசல் கதவு அளவுக்கு இருந்தது. எதை எடுப்பது என்று தெரியாமல் மூன்றையும் எடுத்துக்கொண்டேன். வேண்டாததை ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாமாம், கிழிசல் மட்டும் கூடாதாம். சாம்பல், நீலம் இரண்டும் மாடிப்படி ஏறிவிட்டன. ஆரஞ்சு மட்டும் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது, சுவருக்கும் அதற்கும் நடுவில் நான். கீழ் வீட்டில் கிளினிக் வைத்திருக்கிற பல் டாக்டர்தான் வந்து என்னைப் பிடுங்கி எடுத்தார்.

இனி சோதனை. எங்கள் பிரிவில் ஒரு முறை உண்டு: எந்தப் பெட்டியானாலும் ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம் என்று பத்துத் தடவை கீழே போட வேண்டும். முதலில் நம் பெண்ணின் எடையான ஐம்பத்து மூன்று கிலோவுக்கு ஒரு மணல் மூட்டை கட்டி பீரோ மேலிருந்து தள்ளினேன். அது மூலையில் விழுந்து வெடித்துவிட்டது. ஹால் முழுக்க மணல். என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள், "இதை நான் பெருக்க மாட்டேன்" என்றாள், அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. இன்றோடு நாலு நாள் ஆகிறது. தவிர, மூட்டைக்குக் கணுக்காலும் கிடையாது, இடுப்பும் கிடையாது, விழுந்ததைப் பற்றி அதனிடம் எதுவும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை. ஆகவே நானே ஏறினேன். சாம்பல் மெத்தையில் இரண்டாம் விளிம்பின்போது கால் மடிப்புக்குள் போயிற்று. நீலத்தில் முதுகு முகமாக விழுந்தபோது தரை என்னை வந்து நலம் விசாரித்தது. ஆரஞ்சு புதுசு, விறைப்பாக இருந்தது. அது என்னை வாங்கிக்கொள்ளாமல் உருட்டிவிட, நான் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் நின்றேன். இடுப்பு விஷயம் அங்கேதான் நடந்தது. தலை முகத்தை மட்டும் விட்டுவிட்டு அறிக்கையில் 'பொருந்தாது' என்று எழுதினேன்.

நடுவில் பல் டாக்டர் மேலே வந்தார், ஆள்காட்டி விரலில் கட்டு. நான் விழுந்த சத்தத்தில் நாற்காலியில் இருந்தவர் திடுக்கிட்டு வாயை மூடிவிட்டாராம், டாக்டரின் விரல் உள்ளே இருந்திருக்கிறது. "சார், மேலே என்னதான் நடக்குது?" என்றார். "விழறேன் டாக்டர்." "எதுலேர்ந்து?" "பீரோலேர்ந்து." "எதுக்கு?" "பொண்ணுக்காக." அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள். கட்டில்லாத கையால் மெத்தையை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். "பத்தரைக்கு மேல ஆளுங்க வந்துடுவாங்க, அதுக்கு முன்னாடி விழுந்து முடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் உறைத்தது, நான் எண்பத்தாறு கிலோ. எனக்குத் தரை தட்டுகிற மெத்தை அவளுக்குத் தட்டாது. எனக்குச் சுகமாக இருப்பது அவளுக்குப் பலகையாக இருக்கும். இருபத்தேழு தடவை விழுந்ததும் வீண். ஐம்பத்து மூன்று கிலோவில் ஒரு ஆள் வேண்டும். மாப்பிள்ளை எழுபத்து நான்கு. என் தம்பி தொண்ணூற்றொன்று, அவன் விழுந்தால் டாக்டர் வீட்டைக் காலி செய்துவிடுவார். டாக்டரின் உதவியாளர் சரியாக ஐம்பத்து மூன்று, ஆனால் முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்றுவிட்டார். (இந்தக் கடிதத்தை உங்கள் வீட்டில் சேர்க்க மட்டும் சம்மதித்திருக்கிறார்.) அப்போதுதான், நாம் இருவரும் உடல் பரிசோதனைக்குப் போயிருந்தபோது நர்ஸ் உங்கள் எடையை ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தது ஞாபகம் வந்தது. காதைப் பொத்திக்கொள்ளத்தான் பார்த்தேன், முடியவில்லை. இரண்டு குடும்பத்திலும் நம் பெண்ணின் எடைக்கு இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அதோடு வாழ்நாளெல்லாம் நூலகத்தில் இருந்தவர், சத்தமில்லாமல் விழுவீர்கள், டாக்டருக்கும் தொந்தரவில்லை. முழங்காலையும் முழங்கையையும் நானே ஸ்பான்ஜ் வைத்துக் கட்டிவிடுகிறேன், அந்தப் பெட்டியில் வந்த துண்டுகளில் ஒரு எட்டு மட்டும் எடுத்துவாருங்கள்.

சம்பந்தி, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. என் கையால் எத்தனையோ ஆயிரம் பெட்டிகள் போயிருக்கின்றன, அதில் ஒன்றுகூடத் தானாக உயரத்தில் ஏறினதில்லை. ஏறாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. பாறையில் தொங்கிக்கொண்டு அவள் இருக்கிற படம் ஒன்றை மாப்பிள்ளை அனுப்பியிருந்தார், அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது. கீழே என்ன போடுகிறோம் என்பது ஒன்றுதான் என் கையில் இருக்கிறது, அதையும் நான் கத்தியால் வெட்டிவிட்டேன். நீங்கள் வந்தால் பெரிய உபகாரம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கங்கள், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். விழும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடவும். சனிக்கிழமை வரை உங்கள் எடை கூடாமலும் குறையாமலும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் சம்பந்தி.

பி.கு.: கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும், இது இடது கை. உறையை ஒட்டுமுன் பிழை பார்க்கலாம் என்று கடிதத்தை உரக்கப் படித்தேன். என் மனைவி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தவள் வெளியே வந்தாள். "அந்த மனுஷனையா ஏத்தப் போறீங்க? என் வெயிட் என்னன்னு கேட்டீங்களா?" என்றாள். நான் கேட்கவில்லை. "அம்பத்திமூணு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அம்பத்திமூணு" என்றாள். ஸ்டூலைப் போட்டு ஏறி பீரோ மேல் நின்றாள். மூன்று மெத்தையும் கீழே வரிசையாகக் கிடந்தன. "எது மொதல்ல?" என்றாள். வேண்டாம், இறங்கு என்றேன். அவள் குதித்துவிட்டாள். நான் எப்போது ஓடினேன் என்று தெரியவில்லை, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவளுக்கும் மெத்தைக்கும் நடுவில் போய் நின்றிருக்கிறேன். அவளுக்கு ஒரு கீறல் இல்லை. என் வலது மணிக்கட்டுக்கு டாக்டர் வந்து கட்டுப் போட்டுவிட்டுப் போனார். மெத்தைகளைப் பற்றி எதுவும் தெரியவரவில்லை. "பெரிசா இருக்கறதையே குடுங்க, விழறவளுக்கு எங்க விழுவோம்னு தெரியவா போவுது" என்று அவள்தான் ஆரஞ்சை எடுத்துவைத்தாள். ஆகவே சனிக்கிழமை நீங்கள் வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை நேராகப் பாறைக்கே வந்துவிடுங்கள். நீங்கள் ஏற வேண்டாம், விழவும் வேண்டாம். எனக்கு இப்போது ஒரு கைதான் நீட்ட வரும், கீழே நிற்க இன்னொரு ஆள் வேண்டும்.